புற்றுநோய் மாத்திரை கையில் வந்துவிட்டதா? முதல் முறை எடுப்பவர்களுக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கு நிபுணரைப் பார்க்கப் போய், ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரையோடு திரும்பி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை எடுக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். ஒவ்வொருவரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரும் ஃபார்மசிஸ்டும் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால் அவர்கள் சொன்னதையே கேளுங்கள், ஏனென்றால் உங்கள் ரத்த ரிப்போர்ட் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் இது என்ன மருந்து என்று புரிந்துகொள்ளுங்கள். பழைய கீமோ வேகமாகப் பெருகும் எல்லா செல்களையும் அடிக்கும், அதனால்தான் முடி கொட்டும், வாய் புண்ணாகும். இந்த மாத்திரைகள் புற்றுநோய் செல்லுக்குள் ஓயாமல் 'வளர், வளர்' என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்து அடக்குகின்றன. சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயில் அந்தப் புரதத்தின் பெயர் பி.சி.ஆர்-ஏ.பி.எல். அதை அடக்கும் இமாட்டினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன: ரத்தத்துக்கு நிலோட்டினிப், டாசாட்டினிப், நுரையீரலுக்கு ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், அஃபாட்டினிப், ஓசிமெர்ட்டினிப், மார்பகத்துக்கு லாபாட்டினிப், பால்போசிக்ளிப், சிறுநீரகத்துக்கு சுனிட்டினிப், பாசோபானிப். இன்னும் நிறைய இருக்கின்றன.

ஊசி இல்லை, வார்டு இல்லை, பெரும்பாலும் முடியும் கொட்டுவதில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் இதை பிரஷர் மாத்திரை மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான். வார்டில் நர்ஸ் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் இப்போது உங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது. நேரம் பார்ப்பது, சாப்பாடு பார்ப்பது, வேறு மருந்து மோதுகிறதா என்று பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் இனி நீங்கள்தான்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால்

முதல் தடவை மருந்து வாங்கும்போது அவசரப்படாதீர்கள். பஸ் போய்விடும், வேன்காரர் காத்திருக்கிறார் என்று பையை வாங்கிக்கொண்டு ஓடிவர வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) வாங்கும் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகள், கடையில் வாங்கிய வைட்டமின், சித்த மருந்து, சூரணம், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த மூலிகை மாத்திரை, ஒன்றையும் விடாமல். 'இதெல்லாம் மருந்தா' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஃபார்மசிஸ்ட் முடிவு செய்யட்டும்.

அப்புறம் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பிட்டுவிட்டா வெறும் வயிற்றிலா, தினமுமா இல்லை இடையில் ஓய்வு நாள் உண்டா, மறந்தால் என்ன செய்வது, வாந்தி எடுத்தால் என்ன செய்வது, ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது. பை மேல் ஒட்டிய லேபிளில் 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின். ஆனால் எவ்வளவு நேரம் முன், எவ்வளவு நேரம் பின் என்பது பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் சொல்லப்படும், அதைக் காதில் வாங்காமல் வந்துவிட்டால் லேபிள் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. மலாய் சரியாகப் புரியாத அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள், தமிழும் மலாயும் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

ஹெப்பாடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இமாட்டினிப் வகை மருந்துகள் மறுபடி எழுப்பிவிடலாம், கல்லீரல் கெட்டுப்போகும் அளவுக்குக்கூட. தொடங்கும் முன்பே பார்த்துவிட்டால் தடுக்க வழியிருக்கிறது.

சாப்பாட்டு நேரம்

பக்கத்து வீட்டு அண்ணன் எப்படி எடுக்கிறாரோ அப்படியே நாமும் எடுக்கலாம் என்று இருக்கக் கூடாது. ஒரே நோய்க்கான இரண்டு மாத்திரைகளுக்கு நேர் எதிரான விதி இருக்கும்.

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்று எரிச்சலும் வரும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கோப்பைக் கருப்புக் காப்பியோடு இதைப் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லதில்லை. எங்கள் அப்பாவுக்கு ராத்திரி சாப்பாட்டோடு கொடுக்கிறோம், போட்ட உடனே படுக்க விடாமல் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை ஏறக்குறைய 200 மில்லி தண்ணீரில் அல்லது ஆப்பிள் ஜூஸில் போட்டு, கரைந்ததும் கலக்கி உடனே குடித்துவிடலாம். இது இமாட்டினிப்புக்கு மட்டும். மற்ற மாத்திரைகளை உடைக்கவோ இடிக்கவோ கேப்சூலைத் திறக்கவோ ஃபார்மசிஸ்டைக் கேட்காமல் முயலாதீர்கள்.

நிலோட்டினிப் கேப்சூல் அப்படியே தலைகீழ். எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து, எடுத்து 1 மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும்தான். சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறி இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம். இதை 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை எடுக்க வேண்டும். காலை 7, மாலை 7 என்று வைத்தால், காலை 5 முதல் 8 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வாயைக் கட்ட வேண்டியிருக்கும். பால் ஊற்றிய தேநீரும் மைலோவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். சாயங்காலத் தேநீரும் வடையும் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் அதற்கேற்றபடி வேறு நேரத்தை முதல் நாளே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எர்லோட்டினிப்பும் பாசோபானிப்பும் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். லாபாட்டினிப் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன் அல்லது பின். ஜெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் இரண்டுக்கும் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. பால்போசிக்ளிப் கேப்சூலைச் சாப்பாட்டோடு 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டும். சுனிட்டினிப்பைச் சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பொதுவாக 4 வாரம் எடுத்து 2 வாரம் விடுவார்கள். இப்படி ஓய்வு வரும் மருந்தென்றால் சுவரில் மாட்டிய தமிழ் நாள்காட்டியில் எடுக்கும் நாளைப் பச்சையிலும் ஓய்வு நாளைச் சிவப்பிலும் வட்டம் போட்டு வையுங்கள். ஓய்வு நாளில் மறந்து எடுத்துக்கொண்டே போவது ரத்த அணுக்களை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும்.

நேரம் தவறாமல்

இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இமாட்டினிப் எடுத்த 87 சி.எம்.எல். நோயாளிகளைக் கவனித்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களுக்கு, 6 வருடத்தில் நோய் நன்றாக அடங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம். 90 சதவீதமும் அதற்குக் கீழும் எடுத்தவர்களுக்கு 28.4 சதவீதம்தான். மாதத்துக்கு மூன்று மாத்திரை விட்டாலே 90 சதவீதத்துக்கு வந்துவிடுகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கல்யாணம், ஒரு துக்க வீடு, ஒரு வெளியூர்ப் பயணம், மூன்று போய்விட்டது.

ஆகவே நேரத்தைப் பழக்கமாக்குங்கள். கைப்பேசியில் அலாரம் வையுங்கள், எடுத்ததும் நாள்காட்டியில் கோடு போடுங்கள், வீட்டில் இன்னொருவரும் பார்க்கட்டும். எங்கள் பக்கத்தில் சிலர் ராகு காலத்தில் மருந்து எடுக்க மாட்டார்கள், அதற்காகத் தினம் ஒரு நேரமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்களின் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ராகு காலம் பகலில்தான் வரும். தினம் ஒரே வேளை எடுக்கும் மருந்தாக இருந்தால் ராத்திரி 8 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏழு நாளும் சிக்கல் வராது.

மறந்துவிட்டால்? அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. எந்த மருந்தாக இருந்தாலும் இது பொருந்தும். ஞாபகம் வந்ததும் எடுக்கலாமா, விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போகலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். உதாரணமாக ஓசிமெர்ட்டினிப் என்றால் அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். வாந்தி எடுத்தாலும் இன்னொரு மாத்திரை போடாமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். வாந்தி தொடர்ந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள், குமட்டலுக்கு மருந்து இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.

மருந்தோடு மருந்து மோதுவது

கூட ஒரு மருந்து சேரும்போதெல்லாம் ஃபார்மசிஸ்டைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், இந்த மாத்திரைகளில் பல கல்லீரலில் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற ஒரே நொதியின் வழியாகத்தான் கரைந்து வெளியேறுகின்றன. அதை அடைக்கும் மருந்தைச் சேர்த்தால் புற்றுநோய் மருந்து ரத்தத்தில் தேங்கி விஷமாகும். அதைத் தூண்டிவிடும் மருந்தைச் சேர்த்தால் புற்றுநோய் மருந்து சீக்கிரமே வெளியேறி, நீங்கள் எடுத்தும் எடுக்காத கணக்காகிவிடும்.

நம் ஊரில் அடிக்கடி மாட்டுகிறவற்றைச் சொல்கிறேன். தொண்டை வலி என்று கிளினிக் போனால் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக்குகளில் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் அடைக்கும் வகை. படர்தாமரைக்கும் பூஞ்சைக்கும் கொடுக்கும் கீட்டோகொனசோல், இட்ராகொனசோல் மாத்திரைகளும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் தூண்டிவிடும் வகை. கொலஸ்ட்ராலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டாட்டின் விஷயத்தில் கதை வேறு. இமாட்டினிப் அதன் அளவை ரத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிவிடும், தசை வலி வரலாம், சிறுநீர் கருக்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் வருடக் கணக்காக வாங்குகிற மாத்திரைதானே என்று விடாதீர்கள், டாக்டர் வேறொன்று மாற்றித் தருவார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம் கேஸ்ட்ரிக். நம்மவர்களில் பாதிப் பேர் வீட்டில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் இருக்கும். டாசாட்டினிப், எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் மூன்றும் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்றால் எதை, எத்தனை மணி நேர இடைவெளியில் எடுக்கலாம் என்று கேளுங்கள். எர்லோட்டினிப் எடுப்பவர் சிகரெட் பிடித்தாலும் மருந்தின் அளவு இறங்கிவிடும், நிறுத்த இதுவும் ஒரு காரணம்.

உடம்பு வலிக்குப் போன்ஸ்டன், புரூஃபென், வோல்டரென் வாங்கிப் போடும் பழக்கம் தோட்டத்தில் அதிகம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் இவை ரத்தக்கசிவை உண்டாக்கும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குப் பானடோல் பரவாயில்லை, ஆனால் அளவு கேட்டுக்கொண்டு, அதுவும் காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. அது காய்ச்சலை மறைத்துவிடும்.

பழம், கஷாயம், சூரணம்

தம்புன் பக்கம் போகிறவர்கள் பம்பளிமாஸ் வாங்காமல் திரும்புவதில்லை. சீனப் புத்தாண்டு வந்தால் எல்லா வீட்டிலும் இரண்டு இருக்கும். கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவுக்காரப் பழமான பம்பளிமாஸும் நான் மேலே சொன்ன நொதியை அடைக்கும், அதுவும் குடலிலேயே. காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் பயனில்லை, அடைப்பு ஒரு நாளுக்கு மேல்கூட நிற்கும். ஆகவே இமாட்டினிப், நிலோட்டினிப், டாசாட்டினிப், லாபாட்டினிப், பாசோபானிப், சுனிட்டினிப், பால்போசிக்ளிப் போன்றவை எடுப்பவர்கள் அதை ஒதுக்கிவிடுங்கள். சாதாரண ஆரஞ்சு, ஆப்பிள், வாழைப்பழம், பப்பாளி சாப்பிடலாம்.

மூலிகை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சொந்தக்காரர்கள் அன்பினால் கொண்டுவந்து கொடுப்பார்கள்: சித்த மருந்து, சீன மருந்து, ஜாமு, கஷாயப் பொடி, மஞ்சள் கேப்சூல். குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் சாப்பாடு, அதில் பயமில்லை. சத்தைப் பிழிந்தெடுத்துக் கேப்சூலில் அடைத்து வந்தால் அது மருந்து, கல்லீரல் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை செய்யும் டாக்டர், எண்கள் ஏறினால் நல்ல மருந்தைக் குறைப்பார், ஏறியது கஷாயத்தால் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' எழுத்தில் முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அது இல்லாத மூட்டு வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு எண் இருந்தாலும் உங்கள் மாத்திரையோடு ஒத்துப்போகும் என்று பொருளில்லை, காட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஒளித்து மட்டும் எடுக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

வைப்பதும் தொடுவதும்

தகரக் கூரை வீட்டில் மதியம் எவ்வளவு சூடு ஏறும் என்று நமக்குத் தெரியும். பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழ், ஈரம் படாமல் வைக்க வேண்டும். அடுப்புப் பக்கமும் சாமி மேடை விளக்குப் பக்கமும் வேண்டாம், காரில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். ஃபிரிஜ்ஜில் வைக்கச் சொன்னால் மட்டும் ஃபிரிஜ்ஜில். வந்த அட்டையிலேயே இருக்கட்டும், மற்ற மருந்துகளோடு ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம் முக்கியம்.

எடுப்பவர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு கை கழுவினால் போதும். இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் கையுறை போடலாம், அல்லது மாத்திரையை அட்டையிலிருந்து நேராக ஒரு சின்ன மூடியில் தள்ளிக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் தொட வேண்டாம், முக்கியமாக உடைந்த மாத்திரையையும் தூளையும். மீந்ததைக் குப்பையோடு எரிப்பதும் கழிவறையில் கொட்டுவதும் தவறு, ஃபார்மசி கவுண்டரில் திருப்பிக் கொடுங்கள்.

உடம்பு சொல்வதைக் கேட்பது

சில தொல்லைகள் எதிர்பார்த்தவை. இமாட்டினிப்பில் காலையில் கண் இமை வீங்கும், கெண்டைக்கால் சுளுக்கும், தோல் கொஞ்சம் வெளுக்கும். இவற்றை அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். ஆனால் சில நாளிலேயே எடை திடீரென்று ஏறினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். வீட்டில் ஓர் எடை மெஷின் வாங்கி வாரம் இரண்டு முறையாவது எழுதி வையுங்கள்.

நுரையீரல் மாத்திரைகளில், ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், அஃபாட்டினிப் எடுப்பவர்களுக்கு முகத்திலும் நெஞ்சிலும் கொப்புளம் கொப்புளமாக வரும். இதைப் பார்த்தவுடன் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி, மருந்தையெல்லாம் நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருந்துவிடும் வீடுகள் உண்டு. பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இது மருந்தினால் வருவது, யாருக்கும் ஒட்டாது. பருவுக்குப் போடும் கிரீம் போடாதீர்கள், அது தோலை இன்னும் காய வைக்கும். மணமில்லாத ஈரப்பத கிரீம், மிதமான சோப்பு, வெயிலில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும். அதிகமானால் டாக்டர் மாத்திரையும் பூச்சும் தருவார். நக ஓரம் வீங்கிச் சீழ் பிடிப்பதும் வரும். செம்பனைத் தோட்டத்தில் முள் குத்தும் வேலை செய்கிறவர்கள் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் இறங்கவே கூடாது.

வயிற்றுப்போக்கு அஃபாட்டினிப்பிலும் லாபாட்டினிப்பிலும் அதிகம். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் டாக்டர் எழுதிக்கொடுத்த லோபெராமைடும் வீட்டில் முன்பே இருக்கட்டும். வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் அதிகமாகப் போனால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை இவை. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது நடுக்கம். புதிதாக மூச்சுத் திணறலோடு வறட்டு இருமல். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம். நிற்காத ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. தாங்க முடியாத வயிற்று வலி. சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நகர முடியாவிட்டால் 999. நம் ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கி என்று நினைப்போம். டெங்கியாகவும் இருக்கலாம், மருந்தினால் வெள்ளணு குறைந்து கிருமி ஏறியதாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது, ரத்தம் பார்த்தால்தான் தெரியும். போனவுடன் 'ஊபாட் கான்செர்' (புற்றுநோய் மருந்து) எடுக்கிறார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, சந்திப்பு அட்டை எண், சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மலாயில் ஒரு சின்ன அட்டையில் எழுதி ஐ.சி.யோடு (அடையாள அட்டை) பர்ஸில் வைத்துவிடுங்கள்.

விரதம், காவடி, குழந்தை

வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி சனி, கந்த சஷ்டி எல்லாம் இருப்பவர்கள் மருந்தை விட்டுவிட்டு விரதம் இருக்காதீர்கள். தினம் ஒரே வேளை எடுக்கும் இமாட்டினிப் என்றால் விரதம் முடித்துச் சாப்பிடும் சாப்பாட்டோடு எடுக்க முடியும், நேரத்தை மட்டும் முன்பே பேசி வையுங்கள். தண்ணீர் கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். தைப்பூசத்துக்கு அலகு குத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், தட்டணுவும் வெள்ளணுவும் எவ்வளவு இருக்கின்றன என்று தெரியாமல் குத்தக் கூடாது. ரத்தம் நிற்காமல் போகலாம், கிருமி ஏறலாம். பால்குடம் எடுப்பதாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கும் வெயிலில் நடக்கும் தெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். முருகனுக்குத் தெரியாததா உங்கள் உடம்பு. பல் பிடுங்குவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

நம் வீடுகளில் வாய் திறந்து பேசாத ஒன்று. இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். மருந்து எடுக்கும் பெண்கள் கருத்தடை முறையைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. ஆண்களும் தங்கள் மருந்துக்கு என்ன விதி என்று கேட்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் மாமியார் என்ன சொல்வார் என்று பார்க்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள், வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

மருந்து தீர்ந்துவிடாமல்

கடைசி அட்டையைத் தொடும்போது அடுத்ததை வாங்கும் தேதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈப்போ போக முடியாதவர்கள், அரசாங்க ஆஸ்பத்திரி ஃபார்மசியில் எஸ்.பி.யு.பி. பற்றிக் கேளுங்கள். மறு வாங்கலைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. உங்கள் மருந்துக்கு அது கிடைக்குமா என்பதை அங்கேதான் சொல்வார்கள். பணம்தான் தடை என்றால் மருத்துவ சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். மக்னா (தேசியப் புற்றுநோய் மன்றம்) போன்ற அமைப்புகளும் உதவுகின்றன. காசு இல்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதைவிட வாய் திறந்து கேட்பது எவ்வளவோ மேல்.

இந்தியா போகிறவர்களிடம் சொல்லி மலிவாக வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜெனரிக் என்பதற்காக மருந்து மட்டமாகிவிடாது. ஆனால் யாரோ கொண்டுவந்த அட்டை அசலா, சூட்டில் கிடந்ததா என்று நமக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாமல் மாற்றினால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏற்ற இறக்கம் ஏன் என்று அவருக்கும் புரியாது. நீங்களே கோயில் பயணம் போனால் மருந்தைக் கைப்பையில், அசல் பெட்டியில், டாக்டர் கடிதத்தோடு, திரும்பும் தேதிக்கு மேல் சில நாளுக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இமாட்டினிப் தொடங்கினால் முதல் மாதம் வாரா வாரம், இரண்டாவது மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணு எண்ணிக்கை பார்ப்பது வழக்கம், பிறகு இடைவெளி கூடும். சி.எம்.எல். என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு பார்ப்பார்கள். 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அந்த எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் நன்றாக இறங்கியதும் 'குணமாகிவிட்டது' என்று தானாக நிறுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய ஆபத்து. பல வருடம் மிக ஆழமாக அடங்கியிருப்பவர்களில் சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பது உண்டு, ஆனால் அதற்குப் பிறகு மாதாமாதம் ரத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஏறினால் உடனே மறுபடி தொடங்குவார்கள்.

கடைசியாக, ஒருவர் தவறிப்போன பிறகு மீந்த மாத்திரைகளை, விலை உயர்ந்ததாயிற்றே என்று அதே நோய் உள்ள இன்னொருவருக்குக் கொடுக்க நினைப்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். பெயரில் ஒரே நோயாக இருந்தாலும் மரபணு மாற்றம் வேறாக இருக்கும், அளவும் வேறாக இருக்கும். அட்டையோடு எடுத்துப்போய் ஃபார்மசி கவுண்டரில் ஒப்படைத்துவிடுங்கள்.